ஜாவாவில் "பாஸ் பை ரெஃபரன்ஸ்" என்று ஒருவர் கேட்டால், சொல்லைத் திருத்துவதா, கேட்டதற்குப் பதில் சொல்வதா?

#1 வைகைக்கரை

போன வாரம் எங்கள் டீமில் நடந்ததைச் சொல்லிவிட்டு என் கேள்விக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண் டீம் குழுவில் ஒரு சந்தேகம் கேட்டார். ஜாவா என்ற புரோகிராமிங் மொழியில் ஸ்வாப் (இடம் மாற்றுதல்) என்று ஒரு மெத்தட், அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு கோடுத் துண்டு, எழுதியிருக்கிறார். இரண்டு ஆப்ஜெக்ட்டை (தரவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் பொருள்) வாங்கி, நடுவில் ஒரு தற்காலிக வேரியபிளை வைத்து, இதன் இடத்தில் அதையும் அதன் இடத்தில் இதையும் போட்டிருக்கிறார். மெத்தடுக்குள் பிரின்ட் செய்து பார்த்தால் மாறியிருக்கிறது, வெளியே வந்து பார்த்தால் பழையபடியே இருக்கிறது. "ஜாவாவில் ஆப்ஜெக்ட் எல்லாம் பாஸ் பை ரெஃபரன்ஸ்தானே, அப்புறம் ஏன் மாறவில்லை?" இதுதான் கேள்வி. பாஸ் பை ரெஃபரன்ஸ் என்றால் அழைத்தவருடைய வேரியபிளையே மெத்தடுக்குக் கொடுப்பது, பாஸ் பை வேல்யூ என்றால் அதில் இருக்கும் மதிப்பின் நகலை மட்டும் கொடுப்பது.

காலை பத்தரைக்குக் கேட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பதுக்கும் மேல் பதில்கள் வந்துவிட்டன. "ஜாவாவில் பாஸ் பை ரெஃபரன்ஸ் என்பதே கிடையாது" என்று ஒருவர், "ரெஃபரன்ஸை வேல்யூவாக அனுப்புகிறது என்று சொல்ல வேண்டும்" என்று இன்னொருவர், அதற்கு மேல் ரெஃபரன்ஸும் பாயின்ட்டரும் (இரண்டும் ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்று காட்டுபவை) ஒன்றா வேறா என்று இரண்டு பேர் தனியாக. அந்த நாற்பதில் ஆறு நான் போட்டவை. சாயங்காலம் அவர் இடத்தைக் கடந்து போகும்போது பார்த்தேன், திரையில் அதே ஸ்வாப் மெத்தட் அப்படியே இருந்தது. சரியாகிவிட்டதா என்று கேட்டதற்கு, "இல்லைண்ணா, நான் சொன்ன வார்த்தை தப்புன்னு புரிஞ்சுது. கோடு ஏன் தப்புன்னு புரியலை" என்றார்.

நாங்கள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தக் கேள்வியில் தவறான சொல்தான் தவறான கோடுக்கே காரணம். பாஸ் பை ரெஃபரன்ஸ் என்று நம்பியதால்தான் அவர் அப்படி ஒரு ஸ்வாப்பை எழுதினார். ஆக, சொல்லைத் திருத்துவதும் கேள்விக்குப் பதில் சொல்வதும் இங்கே ஒரே வேலையாகவே இருந்திருக்கலாம், நாங்கள்தான் அதைப் பிரித்துவிட்டோம்.

மறுநாள் காலையில் நான் அவருக்குச் சொன்னது இது. உன் வீட்டுச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட்டு என்னிடம் கொடுக்கிறாய். நான் அதை வைத்து உன் வீட்டைத் திறந்து மேசை நாற்காலியை இடம் மாற்றி வைத்தால், நீ வரும்போது மாறித்தான் இருக்கும். ஆனால் நான் என் கையிலிருக்கும் அந்த டூப்ளிகேட்டை வைத்துவிட்டு வேறு வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டால், உன் பையில் இருக்கும் சாவி எப்படி மாறும்? உன் மெத்தட் செய்தது அதுதான், தன் கையில் இருந்த இரண்டு நகல் சாவிகளை இடம் மாற்றிக்கொண்டது. இரண்டு நிமிடம் ஆனது. சொல்லையும் அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

சரி, என் கேள்வி. ஒரு மொழியைப் பற்றிப் பேசும்போது சொல் சுத்தம் எந்த அளவுக்குத் தேவை? நான் அது வேண்டும் என்ற பக்கம்தான். ஆனால் எப்போது, எந்த வரிசையில் என்பதில் நிறைய பேர் தவறு செய்கிறோம் என்று நினைக்கிறேன்.

#2 நடுப்பகல்

எனக்கு இதில் சுத்தமாக ஒப்புதல் இல்லை. ஜாவா எழுதுகிறவர்களில் பாதிப் பேர் "ஆப்ஜெக்ட்டை ரெஃபரன்ஸாக அனுப்புகிறோம்" என்றுதான் சொல்கிறார்கள், கேட்கிறவருக்கும் புரிகிறது, வேலையும் நடக்கிறது. பேச்சு வழக்கில் ஒரு சொல் நிலைத்துவிட்டால் அதுதானே அதன் பொருள்?

அதோடு, திருத்துகிறவர்கள் எந்த அதிகாரத்தில் திருத்துகிறார்கள் என்றும் பாருங்கள். "ஜாவாவில் பாயின்ட்டரே கிடையாது" என்று பாடம் நடத்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜாவாவின் மொழி விவரக்குறிப்பே (மொழியின் விதிகளைச் சொல்லும் அதிகாரப்பூர்வ ஆவணம்), ரெஃபரன்ஸ் மதிப்புகள் என்பவை ஆப்ஜெக்ட்டுகளுக்கான பாயின்ட்டர்கள் என்று நேரடியாக எழுதி வைத்திருக்கிறது. நாம் எல்லோரும் தினமும் முகத்தில் வாங்கும் எக்ஸெப்ஷனுக்கு (ஓடும்போது வரும் பிழை) பெயரே நல் பாயின்ட்டர் எக்ஸெப்ஷன். மொழியை உருவாக்கியவர்களே பாயின்ட்டர் என்று சொல்லும்போது, புதிதாக வந்தவர் சொன்னால் மட்டும் ஏன் பாய்கிறோம்?

#3 பழைய_டர்போ

நடுப்பகல், நீங்கள் சொன்ன இரண்டாவது பத்தி முழுக்கச் சரி. ஆனால் அதுவே முதல் பத்தியைக் கெடுக்கிறது. விவரக்குறிப்பைத் திறந்து பார்த்து, அங்கே என்ன சொல் இருக்கிறது என்று காட்டித்தானே "பாயின்ட்டர் கிடையாது" என்பவரை மறுக்கிறீர்கள்? நீங்கள் செய்ததும் சொல் திருத்தம்தான். நல்ல திருத்தம்.

"பாஸ் பை ரெஃபரன்ஸ்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அது தெரிந்தால் ஏன் சிலர் இதில் பிடிவாதமாக இருக்கிறார்கள் என்பது புரியும். பழைய மொழியான ஃபோர்ட்ரானில் சப்ரூட்டீனுக்கு (மெத்தட் போன்றது) ஒரு வேரியபிளை அனுப்பி உள்ளே மாற்றினால் பொதுவாக வெளியேயும் மாறும். பழைய ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் (எழுதிய கோடை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் புரோகிராம்கள்) சிலவற்றில் 4 என்ற எண்ணையே நேரடியாக அனுப்பி, சப்ரூட்டீன் அதற்கு 5 என்று மதிப்புக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு புரோகிராமில் 4 என்று எழுதிய இடத்திலெல்லாம் 5 வரும். மாறிலியின் முகவரியை அனுப்பியதால் வந்த வினை. அல்கால் 60 வந்தபோது வேல்யூ முறை, நேம் முறை என்று இரண்டு வைத்தார்கள். பாஸ்கலில் ரெஃபரன்ஸாக அனுப்ப வேண்டும் என்றால் வார் என்று எழுத வேண்டும். சி++ மொழியில் ஆம்பர்சண்ட் குறி, சி ஷார்ப்பில் ரெஃப். இவை எல்லாவற்றிலும் ஒரே சோதனை செல்லும்: அழைத்தவருடைய வேரியபிளையே உள்ளிருந்து மாற்ற முடியுமா? ஸ்வாப் வேலை செய்யுமா? செய்தால் பாஸ் பை ரெஃபரன்ஸ்.

ஜாவாவிலும் பைத்தானிலும் செய்யாது. சி மொழியிலும் செய்யாது, அங்கே நாமே முகவரியை எடுத்து வேல்யூவாக அனுப்பி, உள்ளே போய் ஸ்டார் போட்டு எட்டிப் பிடிக்கிறோம். ஆக, அந்தப் பெண் எழுதிய ஸ்வாப்தான் இந்தச் சொல்லுக்கான இலக்கணச் சோதனையே. அவருக்குத் தெரியாமலே சரியான சோதனையைச் செய்து, சரியான விடையைத்தான் பெற்றிருக்கிறார்.

#4 குன்றத்தூர்_கோடர்

பைத்தான் ஆள் நான். இந்தச் சண்டை பைத்தானில் இன்னும் மோசம், ஏனென்றால் அதிகாரப்பூர்வ ஆவணங்களுக்குள்ளேயே மூன்று பெயர் இருக்கிறது. டுட்டோரியலில் "கால் பை வேல்யூ, ஆனால் அந்த வேல்யூ எப்போதும் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ்" என்று எழுதிவிட்டு, அடிக்குறிப்பில் "கால் பை ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் என்பது இன்னும் நல்ல விவரிப்பு" என்கிறார்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் பகுதிக்குப் போனால் "அசைன்மென்ட் முறையில் அனுப்பப்படுகிறது" என்று இருக்கும். இதற்கெல்லாம் முன்பே, 1970களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் குளூ என்ற மொழியை உருவாக்கியபோது இதே முறைக்கு "கால் பை ஷேரிங்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் மிகவும் பொருத்தமாகப் படுகிறது. அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் ஒரே ஆப்ஜெக்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், ஆளுக்கொரு பெயரோடு. அழகான பெயர், ஆனால் ஊரில் யாருக்கும் தெரியாது.

ஆக நான்கு பெயர், நான்கும் குறிப்பது ஒரே நடத்தையை. இதில் எதை வைத்து அடுத்தவரைத் திருத்துவது? என் பழக்கம் என்னவென்றால், யாராவது இந்தச் சொல்லை எப்படிச் சொன்னாலும், "ஃபங்ஷனுக்குள் ஒரு லிஸ்டை வாங்கி அப்பெண்ட் செய்தால் (கடைசியில் ஒன்றைச் சேர்த்தால்) வெளியே தெரியுமா, அதே பெயருக்குப் புது லிஸ்டை அசைன் செய்தால் வெளியே தெரியுமா" என்று இரண்டு கேள்வி கேட்பேன். முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் அதை என்ன பெயரிட்டு அழைத்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை.

#5 நடுப்பகல்

குன்றத்தூர், இந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய_டர்போ சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன், ஸ்வாப்பைச் சோதனையாகப் பார்க்கவில்லை நான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். புரிந்துகொண்டவர் தவறான சொல்லைச் சொன்னால் விட்டுவிடலாம் என்றால், சரியான சொல்லை மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் புரியாமல் இருப்பவரை என்ன செய்வீர்கள்? நான் எடுத்த இன்டர்வியூக்களில் அவர்கள்தான் அதிகம். "ஜாவா இஸ் ஆல்வேஸ் பாஸ் பை வேல்யூ" என்று மந்திரம் போலச் சொல்வார்கள். ஒரு சின்ன கோடு எழுதி இது என்ன பிரின்ட் செய்யும் என்று கேட்டால் தடுமாறுவார்கள்.

#6 பழைய_டர்போ

இன்டர்வியூ என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. இங்கே என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கேம்பஸ் இன்டர்வியூ கேள்வித்தாளில் ஐ என்ற வேரியபிளில் 5 இருக்கும், ஒரே பிரின்ட்எஃப் வரியில் முதலில் ஐ பிளஸ் பிளஸ் (மதிப்பைக் கொடுத்துவிட்டு ஒன்று கூட்டும்), அடுத்துப் பிளஸ் பிளஸ் ஐ (ஒன்று கூட்டிவிட்டு மதிப்பைக் கொடுக்கும்). விடை என்ன? டர்போ சி என்ற பழைய கம்பைலரில் ஓட்டிப் பார்த்து விடையை எழுதி வைத்திருப்பார்கள். நாங்களும் "வலமிருந்து இடம், ஆகவே 6 6" என்று உருப்போட்டு வைத்திருந்தோம். இடமிருந்து வலமாகப் போனால் 5 7 வரும், ஆனால் அதை எழுதினால் மார்க் இல்லை.

சி தரநிலையின்படி இதற்கு விடையே கிடையாது. ஃபங்ஷனுக்கு அனுப்பும் ஆர்குமென்ட்டுகளை எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று மொழி சொல்லவில்லை, அதன் பெயர் அன்ஸ்பெசிஃபைட். அதற்கு மேல், ஒரே வேரியபிளை இடையில் ஒழுங்கு எதுவும் இல்லாமல் இரண்டு முறை மாற்றினால் அது அன்டிஃபைன்ட். இந்த இரண்டு சொல்லும் தமிழில் ஏறக்குறைய ஒன்று போலத்தான் ஒலிக்கும், "வரையறுக்கப்படாதது" என்று இரண்டையும் சொல்லிவிடலாம். ஆனால் நடைமுறையில் இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கிறது. அன்ஸ்பெசிஃபைட் என்றால் இந்த வரிசை அல்லது அந்த வரிசை, இரண்டில் ஒன்று நிச்சயம் நடக்கும். இரண்டு வேறு ஃபங்ஷன்களை ஆர்குமென்ட்டாக அழைத்தால் எது முந்தும் என்று தெரியாது, அவ்வளவுதான். அன்டிஃபைன்ட் என்றால் மொழி அந்தப் புரோகிராமைப் பற்றி எந்த வாக்கும் தரவில்லை. "ஏதோ ஒரு குப்பை எண் வரும்" என்று நினைப்பதுகூடத் தவறு, எண்ணே வர வேண்டும் என்பதில்லை. 1992-இல் யூஸ்நெட் என்ற பழைய விவாதக் களத்தின் சி தரநிலைக் குழுமத்தில் ஒருவர், அப்படி எழுதினால் கம்பைலர் உங்கள் மூக்கிலிருந்து பேய்களைப் பறக்கவிட்டாலும் அது தரநிலைக்கு உட்பட்டதுதான் என்று எழுதப்போய், இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்கள் 2009-இல் லினக்ஸ் கெர்னலில் (அந்த இயங்குதளத்தின் மையப்பகுதி) நடந்ததைப் பாருங்கள். டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் ஒரு பாயின்ட்டரை ஒரு வரியில் பயன்படுத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் அது நல் ஆக (எதையும் காட்டாததாக) இருக்கிறதா என்று சோதித்தார்கள். நல் பாயின்ட்டரைப் பயன்படுத்துவது அன்டிஃபைன்ட். அதனால் ஜிசிசி கம்பைலர், மேல் வரியில் பயன்படுத்தியாகிவிட்டது என்றால் இது நல் ஆக இருக்கவே முடியாது என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. அந்த ஓட்டை வழியாக சாதாரண யூசர் ரூட் (முழு அதிகாரமும் உள்ள யூசர்) ஆக முடிந்தது. அதன் பிறகு இப்படிப்பட்ட சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் ஆப்ஷனைப் போட்டுத்தான் கெர்னலைக் கம்பைல் செய்கிறார்கள். "நல் ஆக இருந்தால் கிராஷ் ஆகும்" என்று நினைப்பவருக்கும் "நல் ஆக இருந்தால் அன்டிஃபைன்ட்" என்று தெரிந்தவருக்கும் இடையில் அந்த ஓட்டை அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது.

எங்களுக்கு 6 6 என்று சொல்லிக் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் அந்தச் சொல் இல்லை. சொல் இல்லாததால் அப்படி ஒரு நிலை இருக்கிறது என்றே நினைக்க முடியவில்லை. ஓட்டிப் பார்த்தால் வருவதுதான் விடை என்று எத்தனை வருடம் நம்பினோம்!

#7 ஈரநிலம்

பழைய_டர்போ சார் எழுதியதை மதிக்கிறேன், ஆனால் அதே சி உலகத்தில் சொல் சுத்தம் ஆளைக் கொல்வதையும் பார்த்திருக்கிறேன். காலேஜில் படிக்கும்போது ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரு கோடி இன்ட் (முழு எண்) கொண்ட அரே (மதிப்புகளின் வரிசை) வைத்திருந்தேன். ஓட்டியவுடன் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று கிராஷ் ஆனது. "லோக்கல் அரே ஸ்டாக்கில் இருப்பதால் கிராஷ் ஆகிறதா?" என்று ஓரிடத்தில் கேட்டேன். ஸ்டாக் என்பது ஃபங்ஷன் ஓடும்போது அதன் வேரியபிள்களை வைக்கும் நினைவகப் பகுதி. "சி தரநிலையில் ஸ்டாக் என்ற சொல்லே இல்லை, ஆட்டோமேட்டிக் ஸ்டோரேஜ் டியூரேஷன் என்று சொல், உன் கேள்வி இங்கே பொருந்தாது" என்று பதில் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

உண்மைதான், தரநிலையில் அந்தப் பொருளில் ஸ்டாக்கும் இல்லை, ஹீப்பும் (கேட்டு வாங்கும் நினைவகம்) இல்லை. ஆனால் என் லினக்ஸில் இருந்தது. ஒரு இன்ட்டுக்கு 4 பைட் வீதம் ஒரு கோடிக்கு 40 எம்பி, ஸ்டாக்குக்கு வழக்கமாகக் கொடுக்கும் வரம்பு 8 எம்பி. மாலாக் போட்டு ஹீப்பில் வாங்கு, அல்லது ஸ்டாட்டிக் ஆக்கு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் சரியான இடத்தில்தான் கை வைத்திருந்தேன், சரியான சொல் எதுவோ அதைச் சொன்னவர் அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போனார். மொழி ஒன்று, அந்த மொழி ஓடும் மெஷின் இன்னொன்று என்ற பாகுபாடு எனக்கு இப்போது தெரியும், முக்கியமானதும்கூட. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது மெஷினைப் பற்றிய பதில்.

#8 செம்பருத்தி_டீச்சர்

நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். இந்த இழையில் இதுவரை பேசாத ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்களுக்கு ஃபங்ஷன் என்றால் செயற்கூறு, பாராமீட்டர் என்றால் அளபுரு, வேரியபிள் என்றால் மாறி. கருத்து தெளிவாகவே இருக்கும். இங்கே வந்து ஆங்கிலச் சொற்களைப் பிடிக்க ஒரு வருடம் ஆகிறது. அந்த ஒரு வருடத்தில் வகுப்பில் வாய் திறந்தால், "அது ஃபங்ஷன் இல்லை, மெத்தட்" "அது பாராமீட்டர் இல்லை, ஆர்குமென்ட்" என்று பக்கத்துப் பெஞ்சிலிருந்து திருத்தம் வரும். ஃபங்ஷனை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் வைப்பது பாராமீட்டர், அழைக்கும்போது கொடுப்பது ஆர்குமென்ட், அவ்வளவுதான் வித்தியாசம். அனுபவமுள்ள புரோகிராமர்களே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், அதனால் ஒரு பக்கும் (கோடுப் பிழையும்) வந்ததில்லை. ஆனால் அந்தத் திருத்தம் இரண்டு முறை விழுந்த பிள்ளை மூன்றாவது முறை கை தூக்குவதில்லை. நான் கண்ணால் பார்ப்பது இது. கேள்வி கேட்காமல் போன பிள்ளைக்கு என்ன புரியவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் வகுப்பில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். யார் சொல்லைத் திருத்தினாலும், அந்தச் சொல் மாறினால் விடை மாறும் ஒரு கோடை போர்டில் எழுதிக் காட்ட வேண்டும். எழுத முடிந்தால் எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். முடியாவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். போன செமஸ்டரில் "பைத்தான் டைப்பே பார்க்காத மொழி" என்று ஒரு பையன் சொன்னான் (டைப் என்றால் எண்ணா எழுத்தா என்ற தரவு வகை), இன்னொருத்தி எழுந்து வந்து 1 என்ற எண்ணோடு மேற்கோளுக்குள் இருக்கும் 1-ஐக் கூட்டினாள். பைத்தான் டைப் எரர் கொடுத்தது. அதையே ஜாவாஸ்கிரிப்ட்டில் கூட்டிக் காட்டினாள், 11 என்று ஒட்டிக்கொண்டு வந்தது. டைனமிக் டைப்பிங் (டைப்பை ஓடும்போது பார்ப்பது) வேறு, டைப்பைக் கண்டிப்பாகப் பார்ப்பது வேறு என்று நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் அந்த அளவுக்குப் பதிந்திருக்காது. திருத்தப்பட்ட பையனுக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் அவனுக்கு எதிரே நின்றது கோடு.

#9 வைகைக்கரை

டீச்சர், இதை என் டீமில் அப்படியே கொண்டு வரப் போகிறேன். அன்று நாற்பது பதில் போட்டவர்களில் ஒருவர்கூட (நானும் சேர்த்து) கோடு எழுதிக் காட்டவில்லை.

ஈரநிலம், உங்களுக்கு நடந்தது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. சரியான பதில் தெரிந்த ஒருவர் சொல்லைத் திருத்திவிட்டு நகர்ந்துவிட்டால், கேட்டவருக்குத் தன் கேள்வியே தவறு என்றுதான் தோன்றும். "தரநிலை ஸ்டாக் என்று சொல்லவில்லை, ஆனால் உங்கள் சிஸ்டத்தில் அது இருக்கிறது, அதன் அளவு இவ்வளவு" என்று சேர்த்தே சொல்லலாமே. இரண்டாவது பாதியைச் சொல்ல இன்னும் பத்து விநாடிதானே ஆகும்.

#10 குன்றத்தூர்_கோடர்

எஸ்டிஎல் (ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட் லைப்ரரி) என்று சொல்லக் கூடாது, சி++ மொழியோடு வரும் தயார் கோடுத் தொகுப்பை ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்றுதான் சொல்ல வேண்டும் என்று சி++ ஆட்கள் போடும் சண்டையை டீச்சரின் போர்டுக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? ஸ்டெபனோவும் மெங் லீயும் எழுதிய எஸ்டிஎல் 1994-இல் தரநிலைக் குழுவால் ஏற்கப்பட்டது, அதில் ஸ்ட்ரிங்கும் ஐஓஸ்ட்ரீமும் கிடையாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சொல்லால் விடை மாறும் கோடு ஒன்றை என்னால் எழுத முடியவில்லை. இதை விட்டுவிடலாம்.

#11 அலைவரிசை

கோ மொழியில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், வைகைக்கரையின் கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு.

முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், கோ-வுக்கு மாறியபோது எங்களுக்குள் வாய்வழியாகப் பரவியிருந்த பாடம், "ஸ்லைஸ் ஒரு ரெஃபரன்ஸ் டைப், ஃபங்ஷனுக்குள் என்ன செய்தாலும் வெளியே தெரியும்". (ஸ்லைஸ் என்பது கோ-வில் லிஸ்ட் போலப் பயன்படுவது.) அதை நம்பி, ஆர்டர்களைச் சரிபார்த்து, தவறானவற்றை ஒரு ஸ்லைஸில் அப்பெண்ட் செய்யும் ஃபங்ஷனை எழுதியிருந்தோம். ஸ்லைஸைத் திருப்பி அனுப்பவில்லை, உள்ளே சேர்த்தால் வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கை. டெஸ்டில் நாங்கள் ஏற்கெனவே இருக்கும் ஒரு இடத்தின் மதிப்பை மாற்றித்தான் பார்த்திருந்தோம், அது வெளியே தெரிந்தது. நிஜத்தில் அப்பெண்ட் செய்தது ஒன்றும் வெளியே தெரியவில்லை. தவறான ஆர்டர் ஒன்றுகூட இல்லை என்று மூன்று நாள் ரிப்போர்ட் போனது. யாருமே சந்தேகப்படவில்லை, நல்ல செய்தியை யார் சந்தேகப்படுவார்கள்?

ஸ்லைஸ் என்பது மூன்று விஷயம் சேர்ந்த ஒரு சின்னப் பொட்டலம்: அடியில் இருக்கும் அரேயை நோக்கி ஒரு பாயின்ட்டர், நீளம், கொள்ளளவு. ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது அந்த மூன்றும் நகலாகிப் போகின்றன. இருக்கும் இடத்தில் மதிப்பை மாற்றினால் பாயின்ட்டர் வழியாகப் போய் மாறும், வெளியே தெரியும். அப்பெண்ட் செய்தால் புது நீளம் உள்ளே இருக்கும் நகலுக்குத்தான். வெளியே இருப்பதன் நீளம் பழையதே. கொள்ளளவு மிச்சம் இருந்தால் அடியிலுள்ள அரேயில் அந்த மதிப்பு எழுதப்பட்டேதான் இருக்கும், வெளியே உள்ள ஸ்லைஸுக்கு அது தன் நீளத்துக்குள் இல்லாததால் கண்ணில் படாது. கொள்ளளவு போதாவிட்டால் புது அரேயே உருவாகிவிடும், அதற்குப் பிறகு உள்ளே செய்யும் மாற்றம் எதுவும் வெளியே போகாது. "ரெஃபரன்ஸ் டைப்" என்ற இரண்டு சொல்லில் இவ்வளவும் மறைந்துபோனது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், கோ-வின் விவரக்குறிப்பிலேயே முதலில் "ரெஃபரன்ஸ் டைப்" என்ற சொல் இருந்தது. அந்தச் சொல் குழப்புகிறது என்று 2013-இல் அதை நீக்கிவிட்டார்கள். மொழியை உருவாக்கியவர்களே தாங்கள் எழுதிய சொல்லைத் திரும்பப் பெற்றார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நடுப்பகல், "வழக்கில் நிலைத்துவிட்டால் அதுதானே பொருள்" என்று கேட்டீர்கள். எங்கள் டீமில் அந்தச் சொல் நன்றாகவே நிலைத்திருந்தது. எல்லோருக்கும் ஒரே பொருளில் புரிந்தது. அந்தப் பொருள்தான் தப்பு.

#12 நடுப்பகல்

அலைவரிசை, உங்கள் மூன்று நாள் ரிப்போர்ட்டைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், முழுதாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதி. எல்லோருக்கும் புரிகிறது என்பது போதாது, புரிந்ததைக் கோடு ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாறாத பகுதி இது. தப்பான சொல்லைச் சொன்னவரை முதல் பதிலிலேயே மடக்குவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வைகைக்கரை, உங்கள் டீமில் அந்தப் பெண்ணைக் கேட்டுப் பாருங்களேன், எந்த இடத்தில் அவருக்குப் புரிந்தது என்று. நாம் அவரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம், அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

#13 மழைநாள்

வணக்கம். அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். அண்ணா என்னிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதினார், இழையின் முகவரியையும் அனுப்பினார்.

நாற்பது பதில் வந்தபோது கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவ்வளவு அடிப்படையான விஷயம் எனக்குத் தெரியவில்லையே, இன்டர்வியூவில் எப்படித் தேறினேன் என்று என்னையே சந்தேகப்பட்டேன். சாவி உதாரணம் கேட்டதும் புரிந்தது, ஆனால் கேட்டபோது புரிந்ததைவிட, மத்தியானம் நானாக ஒன்று செய்து பார்த்தபோதுதான் உறுதியாகப் புரிந்தது. அதே இரண்டு ஆப்ஜெக்ட்டை அனுப்பி, உள்ளே ஆப்ஜெக்ட்டுகளை இடம் மாற்றாமல் அவற்றுக்குள் இருக்கும் பெயர் என்ற ஃபீல்டை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றினேன். வெளியே மாறியிருந்தது. உள்ளே போய் நாற்காலியை மாற்றியாகிவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரு லிஸ்டில் இரண்டு இடங்களை மாற்றுவது, அதற்கு கலெக்ஷன்ஸ் கிளாஸில் ஸ்வாப் ஏற்கெனவே இருக்கிறது, லிஸ்டையும் இரண்டு இண்டெக்ஸையும் கொடுத்தால் போதும். அது ஏன் வேலை செய்கிறது என்பதும் இப்போது தெரிகிறது. அது சாவிகளை மாற்றவில்லை, வீட்டுக்குள் போய் மாற்றுகிறது.

நேற்று இன்னொன்று மாட்டியது. ஃபைனல் என்று போட்ட ஒரு லிஸ்ட். ஃபைனல் என்றால் மாறாது என்று படித்திருந்தேன். ஆனால் அதில் ஆட் செய்தால் சேர்கிறது, எரர் வரவில்லை. குழுவில் கேட்கலாம் என்று டைப் செய்ய ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டேன். சாவிதான் ஃபைனல், வீடு இல்லை. அதே வேரியபிளுக்குப் புது லிஸ்டை அசைன் செய்து பார்த்தேன், கம்பைலர் விடவில்லை. சரிதானே?

#14 பழைய_டர்போ

நூற்றுக்கு நூறு சரி, தங்கச்சி. வீட்டையும் பூட்ட வேண்டும் என்றால் ஜாவா 9-இல் வந்த லிஸ்ட் டாட் ஆஃப் போட்டு உருவாக்குங்கள், ஆட் செய்தால் ஓடும்போது எக்ஸெப்ஷன் கொடுக்கும்.

#15 மழைநாள்

இப்போதே போட்டுப் பார்த்தேன் சார், எக்ஸெப்ஷன் வந்தது. ஆனால் லிஸ்டுக்குள் இருக்கும் ஒரு கஸ்டமர் ஆப்ஜெக்ட்டை எடுத்து அதன் பெயரை மாற்றினால் மாறிவிடுகிறது. அப்படியென்றால் இதை இம்யூட்டபிள் (மாறவே மாறாத) லிஸ்ட் என்று சொல்லலாமா, கூடாதா? ஜாவா ஆவணத்தில் அன்மாடிஃபையபிள் (திருத்த முடியாத) என்றுதான் போட்டிருக்கிறது.

#16 பழைய_டர்போ

அன்மாடிஃபையபிள் என்றே சொல்லுங்கள். லிஸ்டில் சேர்க்கவோ நீக்கவோ மாற்றிப் போடவோ முடியாது, அந்தச் சொல் வாக்குத் தருவது அவ்வளவுதான். உள்ளே இருப்பவை எல்லாம் மாறாதவையாக இருந்தால் மட்டுமே மொத்தமும் மாறாதது போல நடந்துகொள்ளும். இந்த வித்தியாசத்தைக் காட்டும் கோடை நீங்களே எழுதிவிட்டீர்கள், அதை இங்கே அப்படியே போடுங்கள், டீச்சர் போர்டுக்கு எடுத்துக்கொள்ளட்டும்.